கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்

என் தங்கையின் திருமணத்துக்குப் பத்திரிகை அடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, நேராகக் கடைக்குப் போய் ஆல்பத்தைப் புரட்டினேன். மூன்று மணி நேரம் கழித்து ஓர் அட்டை மனதுக்குப் பிடித்தது. "எத்தனை வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்டார். "எழுநூறு" என்றேன். அந்த எண்ணுக்குப் பின்னால் எந்தக் கணக்கும் இல்லை. திருமணம் முடிந்து மண்டபத்திலிருந்து திரும்பிய அன்று அலமாரியில் 180 பத்திரிகைகள் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. அதைவிடப் பெரிய வருத்தம், அம்மாவை வளர்த்த அத்தை வீட்டுக்கு ஒரு பத்திரிகைகூடப் போய்ச் சேரவில்லை. அவர்கள் வரவும் இல்லை.

அண்ணன் மகன் திருமணத்தின்போது வேலையின் வரிசையை மாற்றினோம். முதலில் பட்டியல், பிறகு வாசகம், அதன் பிறகுதான் அட்டை. செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரு வீட்டிலிருந்தும் குறை வரவில்லை. வீட்டில் முதன்முறையாகக் கல்யாணம் எடுத்து நடத்துகிறவர்களுக்கு உதவும் என்று, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மொய் நோட்டை எடுங்கள்

ஒவ்வொரு வீட்டிலும் பழைய மொய் நோட்டு ஒன்று பீரோவில் இருக்கும். அண்ணன் கல்யாணத்துடையதோ, காதுகுத்துடையதோ, புதுமனை புகுவிழாவுடையதோ. அதைவிட நம்பகமான அழைப்புப் பட்டியல் வேறு கிடையாது. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது வரிக்கு வரி அதில் இருக்கிறது. அந்த நோட்டில் இருக்கும் எந்த வீட்டையும் விட்டுவிடக் கூடாது. நோட்டு கிடைக்காவிட்டால் அம்மாவையும் அத்தையையும் ஒன்றாக உட்காரவைத்து ஊர் ஊராகச் சொல்லச் சொல்லுங்கள். பெயரைக் கேட்டால் நினைவுக்கு வராதவர்கள்கூட ஊரைச் சொன்னால் வந்துவிடுவார்கள்.

எண்ண வேண்டியது தலைகளை அல்ல, வீடுகளை. இன்னும் துல்லியமாகச் சொன்னால், அடுப்புகளை. ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி இரண்டு பேர் இருந்தாலும் சமையல் தனித்தனி என்றால் பத்திரிகையும் தனித்தனியாக வைப்பதுதான் முறை. ஒரே சமையல் என்றால் மூத்தவர் பெயரில் ஒன்று போதும். அலுவலகத்தில் ஒவ்வொரு மேசைக்கும் ஒன்று வேண்டியதில்லை. பிரிவுக்கு ஒன்று கொடுத்துவிட்டு நெருக்கமானவர்களுக்கு மட்டும் தனியாக வைக்கலாம்.

ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். நேரில் போய் வைக்க வேண்டியவர்கள், தபாலில் அனுப்பக் கூடியவர்கள், வாட்ஸப்பில் படமாக அனுப்பி ஒரு போன் பேசினால் மகிழ்ச்சியாக வந்துவிடுகிறவர்கள். மூன்றாவது பத்தியை நிரப்பத் தயங்காதீர்கள். என் கல்லூரித் தோழர்களில் பலர், "பத்திரிகையை எங்கே வைப்பது, படமாக அனுப்பு, தேதி மறக்காது" என்று அவர்களாகவே சொன்னார்கள். ஆனால் அறுபது வயதைத் தாண்டிய எவரையும் அந்தப் பத்தியில் எழுதாதீர்கள். அவர்களுக்குத் தாம்பூலத்தோடு கையில் தரப்படும் காகிதம்தான் அழைப்பு.

எங்கள் பட்டியலில் ஏறக்குறைய 1,100 பேர் இருந்தார்கள். வீடுகளாக எண்ணியபோது 340. வாட்ஸப் போதும் என்ற 90 வீடுகளைக் கழித்தால் 250. மறந்துபோனவர்களுக்காகப் பத்து சதவீதம் கூட்டினால் 275. அச்சகங்கள் நூறு நூறாகக் கணக்குப் பார்ப்பதால் 300 அடித்தோம். பட்டியல் போடாமல் இருந்திருந்தால் ஆயிரம் பேர் வருவார்கள் என்று சொல்லி 600 அடித்திருப்போம். எந்த அட்டையைத் தேர்ந்தாலும் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய சேமிப்பு இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

அந்தப் பத்து சதவீதத்தை மட்டும் வெட்டாதீர்கள். இருபது பத்திரிகை குறைந்துவிட்டது என்று மறுபடி அச்சகத்துக்குப் போனால், இருபதுக்கும் முழு அச்சுக்கூலி கொடுக்க நேரிடும். அதே அட்டை அப்போது கையிருப்பில் இல்லாமலும் போகலாம்.

ரசீது கைக்கு வரும் வரை பொறுங்கள்

மண்டபத்துக்கு முன்பணம் கட்டி ரசீது வாங்கிய பிறகே வாசகம் எழுத உட்காருங்கள். "வாய்மொழியாகச் சொல்லிவிட்டோம்" என்பது போதாது. ஒரே பெயரில் பெரிய கூடம், சின்னக் கூடம் என்று இரண்டு வைத்திருக்கும் மண்டபங்கள் உண்டு. அதே பெயரில் வேறு தெருவில் இன்னொரு மண்டபமும் இருக்கும். ரசீதில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே பெயர், அதே முகவரி பத்திரிகையிலும் வரட்டும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்ற ஒரு வரியையும் சேருங்கள். கூகுள் வரைபடத்துக்கான கியூஆர் குறியீட்டை மூலையில் போட அச்சகத்தில் பெரும்பாலும் தனிப் பணம் கேட்பதில்லை. ஆனால் அந்தக் குறியீட்டை நம்பி வழி எழுதாமல் விட்டுவிடாதீர்கள். பாட்டிகளுக்கு அது பயன்படாது.

கையில் முகூர்த்தத்துக்கு இரண்டரை மாதமாவது இருந்தால் நல்லது. வாசகத்துக்கு ஒரு வாரம், புரூப் (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரி) திருத்தத்துக்கு ஒரு வாரம், அச்சுக்குப் பத்து நாள், விநியோகத்துக்கு ஐந்து வாரம் என்று பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அவசரமாக அடிப்பவர்களிடம் கூடுதல் கூலி கேட்பது அச்சகங்களில் வழக்கம்தான். முகூர்த்தம் அதிகமுள்ள தை, வைகாசி, ஆவணி மாதங்களுக்கு முந்தைய வாரங்களில் கூட்டம் நெரியும்.

வாசகம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

அச்சக மொழியில் இதை "மேட்டர்" என்பார்கள். கடையில் மாதிரி வாசகங்கள் அடங்கிய ஒரு புத்தகம் தருவார்கள். அதில் ஒன்றைக் காட்டிப் பெயரை மட்டும் மாற்றச் சொல்லிவிடுவது எளிது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த மாதிரிகள் யாரோ ஒரு குடும்பத்தின் அமைப்புக்காக எழுதப்பட்டவை.

என் தங்கை திருமணத்தின்போது அப்பா உயிரோடு இல்லை. மாதிரிப் புத்தகத்தில் "அழைப்பவர்" இடத்தில் தந்தையின் பெயர், அவர் இல்லாத இடத்தில் பெரியப்பாவின் பெயர். கடைக்காரர் அதைப் பார்த்து அப்படியே பெரியப்பா பெயரைப் போட்டுப் புரூப் எடுத்துக் கொடுத்துவிட்டார். "அமரர்" என்ற அடைமொழியோடு அப்பா பெயர் இருந்தது. பத்து வருடம் தையல் தைத்துத் தங்கையைப் படிக்க வைத்த அம்மாவின் பெயர் எங்குமே இல்லை. அம்மா அதைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பாதான் பேனாவை வாங்கித் தன் பெயரை அடித்துவிட்டு அம்மாவின் பெயரை எழுதினார். கணவரை இழந்த பெண்ணின் பெயரை மங்கலப் பத்திரிகையில் முன்னால் போடக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளையை வளர்த்தவர் அழைப்பதைவிட மங்கலமான அழைப்பு எது?

பெயர் வரிசையில் வரும் சண்டைகளுக்கு ஒரே மருந்துதான் எனக்குத் தெரிந்தது. ஒரு தலைமுறையைப் போட்டால் முழுமையாகப் போடுங்கள், இல்லையென்றால் ஒருவரையும் போடாதீர்கள். மூன்று சித்தப்பாக்களில் இரண்டு பேர் பெயர் இருந்து ஒருவர் பெயர் விடுபட்டால் அது பல வருடம் பேசப்படும். மூவர் பெயரும் இல்லாமல் "உற்றார் உறவினர்" என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால் எவருக்கும் வருத்தமில்லை. தாய்மாமன் பெயர் மட்டும் இதற்கு விலக்கு. பல குடும்பங்களில் அவருக்கு என்று தனி இடம் உண்டு. அதை விடக் கூடாது. பெயர் வரிசை குறைந்தால் உள்பக்கங்களும் குறையும், செலவும் குறையும். நான்கு பக்கத்துக்கு நீளும் பத்திரிகைகள் பெரும்பாலும் பெயர்களால்தான் நீள்கின்றன.

இறந்தவர்களுக்கு "அமரர்", "தெய்வத்திரு" என்று இரண்டு வழக்கும் உண்டு. ஒரே பத்திரிகையில் இரண்டையும் கலக்காதீர்கள். மணமக்களுக்குத் "திருவளர்ச்செல்வன்", "திருநிறைச்செல்வன்" என்று போடுவதில் சில குடும்பங்கள் மூத்த பிள்ளை, கடைசிப் பிள்ளை என்று வேறுபாடு பார்க்கிறார்கள். சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும்.

மணமக்களின் பெயர்கள் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ளபடி இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சேர்க்க விரும்பினால் அடுத்து "என்ற" போட்டுச் சேர்க்கலாம். முன்னெழுத்தும் சரியாக இருக்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

நாளும் கிழமையும்

தமிழ் வருடப் பெயரில் தவறு நேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஜனவரியில் ஆங்கில ஆண்டு மாறுகிறது. தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் சித்திரை பிறக்கும்போதுதான் மாறும். 2026 தை, மாசி, பங்குனி மூன்றும் விசுவாவசு வருடம். சித்திரையிலிருந்து பராபவ. 2027 தையில் நடக்கும் திருமணத்துக்கும் பராபவ என்றே வர வேண்டும். அந்த ஆண்டுச் சித்திரையில்தான் பிலவங்க தொடங்குகிறது. பழைய கோப்பைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றித் தரும் அச்சகங்களில் போன வருடப் பெயர் அப்படியே தங்கிவிடும்.

திதி, நட்சத்திரம், யோகம் ஆகியவற்றை முகூர்த்தம் குறித்துக் கொடுத்தவர் எந்தப் பஞ்சாங்கத்திலிருந்து எழுதினாரோ அதிலிருந்தே எடுங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி முடியும் நேரத்தில் வேறுபாடு இருக்கும். ஒன்றிலிருந்து திதியும் இன்னொன்றிலிருந்து நட்சத்திரமும் எடுத்தால் படித்தவுடனே பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அதிகாலை முகூர்த்தத்தில் கூடுதல் கவனம் தேவை. பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. ஞாயிறு விடியற்காலை 4.30 மணி என்றால் பஞ்சாங்கப்படி அது இன்னும் சனிக்கிழமைதான். பத்திரிகையைப் படிப்பவர் காலண்டரைப் பார்த்து வருவார். ஆகவே ஆங்கிலத் தேதி, கிழமை இரண்டையும் தடித்த எழுத்தில் போட்டு, "சனி இரவு விடிந்தால் ஞாயிறு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரயில் டிக்கெட் எடுக்கும்போது குழம்ப மாட்டார்கள்.

இஸ்லாமியத் திருமணங்களில் ஹிஜ்ரி தேதி பிறை பார்ப்பதைப் பொறுத்து ஒரு நாள் மாறக்கூடும். ஆங்கிலத் தேதி அருகிலேயே இருப்பது நல்லது. தேவாலயத் திருமணம் என்றால் ஓலை வாசிக்கும் (திருமணத்தைச் சபையில் முன்கூட்டி அறிவிக்கும்) ஞாயிறுகளைப் பங்குத் தந்தையிடம் கேட்டு, திருப்பலி நேரத்தை எழுதி வாங்கிய பிறகு அச்சுக்குக் கொடுங்கள். சுயமரியாதைத் திருமணம் நடத்துகிறவர்கள் திதியை விட்டுவிட்டுத் திருவள்ளுவர் ஆண்டைப் போடுவார்கள். ஆங்கில ஆண்டோடு 31 கூட்டிக்கொள்ள வேண்டும். 2026 என்றால் 2057. அந்த ஆண்டு தை முதல் நாளில் தொடங்குகிறது.

இப்போது அட்டை

கடைகளில் இரண்டு வகை வேலை நடக்கிறது. ஒன்று, ஏற்கெனவே வடிவமைத்து வந்த அட்டையில் உங்கள் வாசகத்தை மட்டும் ஸ்கிரீன் பிரிண்டிங்கிலோ சிறு ஆப்செட்டிலோ அடித்துத் தருவது. மற்றொன்று, அட்டையையே உங்களுக்காகப் புதிதாக வடிவமைத்து மல்டிகலர் ஆப்செட்டில் அடிப்பது. முதல் வகை ஐந்நூறுக்குக் குறைவான எண்ணிக்கைக்கு ஏற்றது. இரண்டாவது வகையில் பிளேட் (அச்சுத் தகடு) போடுவது, இயந்திரத்தைத் தயார் செய்வது எல்லாம் நூறுக்கும் ஒரே செலவு, ஆயிரத்துக்கும் ஒரே செலவு. ஆகவே எண்ணிக்கை கூடக் கூட ஓர் அட்டையின் விலை இறங்கும். ஐம்பது, நூறு போதும் என்கிறவர்களுக்கு டிஜிட்டல் பிரிண்டிங் இருக்கிறது. அதற்குப் பிளேட் வேண்டாம்.

விலையை ஏற்றுபவை எவை என்று தெரிந்துகொண்டால் பேரம் பேசுவது சுலபம். தங்க ஃபாயில் (மின்னும் தங்கப் பூச்சு), எம்பாஸிங் (எழுத்தை மேடாக எழுப்புவது), விநாயகர் வடிவத்தில் வெட்டிய டை கட்டிங், லேமினேஷன், உள்ளே தனித்தனியாகச் செருகிய தாள்கள், பட்டு நாடா, பெட்டி போன்ற உறை என ஒவ்வொன்றுக்கும் தனி வேலை, தனிக் கூலி. எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மணமக்கள் பெயர் மட்டும் ஃபாயிலில் மின்னினால் அதுவே அழகு. 300 ஜி.எஸ்.எம். தடிமனுள்ள ஆர்ட் கார்டில் இரண்டு நிறத்தில் தெளிவாக அடித்த பத்திரிகை எந்த வீட்டு மேசையிலும் கௌரவமாக இருக்கும். மஞ்சள் தாளில் சிவப்பு மையில் அடித்த ஒற்றைத் தாள் பத்திரிகையைப் பார்த்து நான் ஒருபோதும் குறைவாக நினைத்ததில்லை. பாட்டியின் பெட்டியில் இருந்த 1950-களின் பத்திரிகைகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன.

அளவு விஷயத்தில் அச்சகக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பெரிய தாளில் எத்தனை விழும்?" அரை அங்குலம் நீளமாகக் கேட்டதால் எட்டு அட்டை விழுந்த தாளில் ஆறுதான் விழும் நிலை வரலாம். கழிக்கப்படும் காகிதத்துக்கும் நீங்கள்தான் பணம் தருகிறீர்கள்.

உறையை மறந்துவிட வேண்டாம். கருநீலம், அரக்கு நிறங்களில் பளபளப்பாக வரும் உறைகளில் பால்பாயின்ட் பேனா எழுதாது. எழுதினாலும் தெரியாது. முந்நூறு பெயர்களைத் தங்க நிறப் பேனாவால் எழுதுவது எத்தனை இரவு வேலை என்று எழுதியவர்களுக்குத்தான் தெரியும். வெளிர் நிற உறை, "திரு/திருமதி" என்ற வார்த்தைக்குப் பின் போதிய இடம் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். கடையிலேயே மாதிரி உறை ஒன்றில் உங்கள் பேனாவால் எழுதிப் பாருங்கள்.

அட்டை முழுவதும் கடவுள் படம் நிறைந்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. திருமணம் முடிந்த பிறகு அந்தப் பத்திரிகை குப்பைக்குப் போகிறது. கும்பிடும் உருவம் தெருவில் கிடப்பதைப் பார்க்க மனம் வலிக்கிறது. பிள்ளையார் சுழியும் குலதெய்வத்தின் பெயரும் எழுத்தில் இருந்தால் போதும்.

தமிழக அரசு 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, துணிப்பையிலேயே பத்திரிகையை அச்சடிப்பவர்களையும் பார்க்கிறேன். நல்ல எண்ணம். ஆனால் பைக்கு உள்ளே இன்னொரு அட்டைப் பத்திரிகையையும் வைத்தால் செலவு இரட்டிப்பாகும். பை என்றால் பை மட்டும் இருக்கட்டும்.

எங்கே அடிப்பது?

"சிவகாசிக்கே போய் அடித்தால் பாதி விலை" என்று எல்லோரும் சொல்வார்கள். 1920-களில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட, அதன் நிழலில் சிவகாசியின் அச்சுத் தொழில் வளர்ந்தது. இன்று நாட்டின் மூலை முடுக்குக்கெல்லாம் காலண்டரும் டைரியும் அங்கிருந்து போகின்றன. கல்யாண அட்டைகளும் அப்படித்தான். உங்கள் ஊர்க் கடை ஆல்பத்தில் இருக்கும் பல அட்டைகள் சிவகாசியில் செய்தவையே.

அதனால் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுங்கள். முந்நூறு பத்திரிகைக்காக நாங்கள் மதுரையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் போய், புரூப் பார்க்க ஒரு முறை, வாங்கி வர ஒரு முறை அலைந்திருந்தால் மிச்சமாகும் பணம் பயணத்துக்கே சரியாகிவிடும். எண்ணூறு, ஆயிரம் என்றால் கதை வேறு. அப்போதும் காலத்தைப் பார்க்க வேண்டும். ஆடிப்பெருக்கன்று புத்தாண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதிலிருந்து டிசம்பர் வரை சிவகாசி அச்சகங்கள் காலண்டர் வேலையில் மூழ்கியிருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் வரிசையாகக் கடைகள் இருக்கின்றன. ஒரே மாலையில் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம்.

விலை கேட்கும்போது அட்டை விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். அட்டை, அச்சுக்கூலி, டிசைன், உறை, வரி எல்லாம் சேர்த்து ஒன்று கையில் வர எவ்வளவு என்று கேட்டு, அதைத் தாளில் எழுதி வாங்குங்கள். இருபது ரூபாய் என்று ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் அட்டையின் பின்னால் கூடுதல் நிறத்துக்கு ஒரு தொகை, இரண்டாவது பக்கத்துக்கு ஒரு தொகை, ஆங்கில வாசகத்துக்கு ஒரு தொகை என்று நீளும். பாதிப் பணம் முன்பணமாகக் கொடுங்கள். முழுப் பணத்தை முதலில் கொடுத்துவிட வேண்டாம்.

பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவரும் தனித்தனியாகப் பத்திரிகை அடிப்பது வழக்கம். இரு வீட்டாரும் ஒரே அட்டைக்கு இசைந்தால் நல்ல சேமிப்பு. வண்ணப் பகுதி முழுவதையும் இரு வீட்டு எண்ணிக்கைக்கும் சேர்த்து ஒரே ஓட்டத்தில் அடித்துவிட்டு, அழைப்பவர் பெயர் வரும் கருப்பு எழுத்தை மட்டும் இரண்டாகப் பிரித்து அடிக்கலாம். நாங்கள் 300, சம்பந்தி வீட்டில் 450 என்று சேர்ந்து 750 ஆக அடித்ததால் இரு வீட்டுக்கும் விலை இறங்கியது. முதன்முதலாகச் சம்பந்திகள் சேர்ந்து செய்த வேலையும் அதுவே. அந்தப் பழக்கம் மண்டபம், சமையல் வரை நீடித்தது.

புரூப் படிப்பது

வாட்ஸப்பில் நீங்கள் அனுப்பும் தமிழ் யூனிகோடில் இருக்கும். பல அச்சகங்களில் இன்னமும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை செய்கிறார்கள். அதற்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், "ஸ்ரீ" காணாமல் போகும், "ஞாயிற்றுக்கிழமை" பாதியில் உடையும். நீங்கள் சரியாகத்தான் அனுப்பினீர்கள் என்பதால் அச்சிலும் சரியாக வரும் என்று நினைக்க வேண்டாம்.

போன் திரையில் புரூப் பார்த்து "சரி" என்று அனுப்பிவிடாதீர்கள். தங்கை திருமணத்தில் நான் அப்படித்தான் செய்தேன். வரவேற்பு நாளின் கிழமை தவறாக இருந்ததை 700 அச்சாகி வந்த பிறகே பார்த்தோம். வீட்டில் எல்லோரும் இரண்டு இரவு உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினோம். காகிதத்தில் எடுத்து வரச் சொல்லி மூன்று பேர் படியுங்கள். ஒருவர் பெயர்களை மட்டும் பார்க்கட்டும், ஒருவர் தேதி, கிழமை, நேரம், தொலைபேசி எண்களை மட்டும் பார்க்கட்டும். மூன்றாமவர் இந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத பக்கத்து வீட்டுக்காரராக இருக்கட்டும். படித்துவிட்டு எங்கே, எப்போது வர வேண்டும் என்று அவர் சொல்ல வேண்டும். அவர் தடுமாறினால் வாசகத்தில்தான் குறை. பத்திரிகையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் போன் செய்து யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவரும் புரூப்பில் கையெழுத்துப் போட்ட பிறகு அச்சுக்குப் போகட்டும்.

அச்சாகி வந்ததும் கடையிலேயே ஒரு கட்டைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். இறுதி வடிவத்தைப் படமாகவும் பி.டி.எஃப். ஆகவும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் அனுப்ப அதுவே போதும், வேறு ஒருவரிடம் பணம் கொடுத்துத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. அனுப்பும்போது படமாகவே அனுப்புங்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் செயலிக் கோப்பை அனுப்பிப் பணத்தைச் சுருட்டும் மோசடி பற்றி 2024 முதல் காவல்துறை எச்சரித்து வருகிறது. பெயரை மட்டும் தட்டி அனுப்பாமல் "அத்தை, நம் வீட்டுப் பத்திரிகை, படமாக அனுப்பியிருக்கிறேன்" என்று உங்கள் குரலில் ஒரு செய்தியும் சேருங்கள்.

வைப்பது

முதல் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் குலதெய்வத்தின் முன்னால் வைப்போம். அடுத்தது தாய்மாமன் வீடு. அதன் பிறகு ஊர் ஊராகப் போகலாம். செலவு மறுபடியும் தலைதூக்கும் இடம் இது. பத்திரிகைக்குக் கொடுத்ததைவிடப் பெட்ரோலுக்கும் இனிப்புக்கும் கொடுத்தது அதிகம் என்று பல வீடுகளில் சொல்வார்கள். நோட்டின் முதல் பத்தியை ஊர்வாரியாக மறுபடி எழுதி, ஒரு திசைக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு ஞாயிறு, மேலூர், திருப்பத்தூர்ப் பக்கம் இன்னொரு ஞாயிறு என்று போனதால் எங்களுக்கு ஐந்தே நாளில் முடிந்தது. கிளம்பும் முன் போன் செய்துவிடுங்கள். பூட்டிய வீட்டுக் கதவில் பத்திரிகையைச் செருகிவிட்டு வருவது அழைத்ததாகாது.

தபாலில் போக வேண்டியவற்றை ஒரு மாதம் முன்பே சேர்த்துவிடுங்கள். முழுப் பத்திரிகையை உறையோடு தபால் நிலையத்துக்குக் கொண்டுபோய் எடை பார்த்து, அதற்குரிய தபால்தலையை ஒட்டுங்கள். தபால்தலை குறைந்தால் அழைக்கப்பட்டவர் அபராதம் கட்டி வாங்க நேரிடும்.

எல்லாம் முடிந்த பிறகு நான்கைந்து பத்திரிகைகளை எடுத்து வையுங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் நடந்ததற்குச் சான்றாகப் பத்திரிகையைக் கேட்பார்கள். மணமக்கள் பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான். பத்திரிகையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். இரண்டு பத்திரிகைகளை மண்டப ரசீதோடும் ஆதார் நகல்களோடும் ஒரே உறையில் போட்டு, மணமக்கள் மறுவீடு வரும்போது அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.